நெருக்கடி போன பிறகு விமானத்தில் எது தங்குகிறது?

2020 ஏப்ரலில் உலகின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதைகளே விமான நிறுத்துமிடங்களாகிவிட்டன. 2019-ல் சுமார் 450 கோடிப் பயணங்களைச் சுமந்த விமானத் துறை, 2020-ல் சுமார் 180 கோடியோடு நின்றுபோனது. இந்தியாவில் மார்ச் 25 முதல் மே 25 வரை வழக்கமான உள்நாட்டுப் பயணிகள் சேவை அடியோடு நிறுத்தப்பட்டது. வழக்கமான பன்னாட்டுச் சேவை திரும்ப 2022 மார்ச் 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஆரூடங்களுக்குப் பஞ்சமே இல்லை. நடு இருக்கை இனி காலியாகவே கிடக்கும் என்றார்கள். முகக்கவசம் சீட் பெல்ட்டைப் போல நிரந்தரமாகிவிடும் என்றார்கள். அலுவலகப் பயணமெல்லாம் காணொலிக் கூட்டத்துக்குள் அடங்கிவிடும், நான்கு எஞ்சின் கொண்ட ராட்சத விமானங்கள் மறைந்துவிடும், செக்-இன் மேசையில் ஆளே இருக்க மாட்டார் என்றும் சொன்னார்கள். சில பலித்தன, பல பொய்த்தன. 2024-ல் பயணிகள் போக்குவரத்து 2019-ன் அளவைத் தாண்டியது. நடு இருக்கை நிறைந்துவிட்டது, முகக்கவசம் போய்விட்டது. ஆனால் முகத்தைப் படிக்கும் கேமரா வாசலுக்கு வந்து நின்றுகொண்டது.

எது பலித்தது, எது பொய்த்தது என்று பட்டியலிட்டுப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கோவிட் மட்டுமல்ல, 1970களின் எண்ணெய் நெருக்கடி, 2001 செப்டம்பர் 11 தாக்குதல், பெரும் விபத்துகள் என எதை எடுத்தாலும் அதே ஒழுங்குதான். நெருக்கடியில் பிறக்கும் மாற்றங்களில் நிலைப்பவை மூன்று வகை. விமான நிறுவனத்துக்குச் செலவைக் குறைப்பவை முதல் வகை. பயணியின் பொறுமையை நம்பாமல் எந்திரத்துக்குள்ளோ தொழில் நடைமுறைக்குள்ளோ பதிந்துவிடுபவை இரண்டாவது. எடுத்துவிட்டால் நாளை பழி நம் தலையில் விழும் என்று அதிகாரிகள் அஞ்சும் விதிகள் மூன்றாவது. இந்த மூன்றிலும் சேராத மாற்றம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அச்சம் தணிந்ததும் உதிர்ந்துவிடுகிறது. எந்த மாற்றம் உயிரைக் காக்கும் என்பதும், எந்த மாற்றம் நீடிக்கும் என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

நடு இருக்கையிலிருந்தே தொடங்கலாம். 180 இருக்கைகள் கொண்ட ஓர் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஒரு வரிசைக்கு ஆறு பேர். அதில் இருவர் நடு இருக்கைக்காரர்கள். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 120 பேர். எரிபொருள், விமானிகளின் சம்பளம், தரையிறங்கும் கட்டணம், விமானத்தின் வாடகை ஆகியவற்றில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா 2020 மே மாதம் ஒரு கணக்கை வெளியிட்டது. நஷ்டமில்லாமல் பறக்கச் சராசரியாக 77 சதவீத இருக்கைகள் நிரம்ப வேண்டும். நடு இருக்கையைக் காலியாக விட்டால் 62 சதவீதத்துக்கு மேல் நிரப்பவே முடியாது. அந்த இடைவெளியை ஈடுகட்டக் கட்டணத்தை ஏறத்தாழ பாதி அளவுக்கு உயர்த்த வேண்டும். கணக்குப் போட்டவர்கள் அந்த இருக்கையை விற்று வாழ்பவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் கூட்டல் கழித்தலில் தவறில்லை. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2020 ஜூனில் ஒரு சமரசத்துக்கு வந்தது. முடிந்தவரை நடு இருக்கையைக் காலியாக விடுங்கள், முடியாவிட்டால் அங்கே உட்காருபவருக்கு உடலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் மேலங்கி ஒன்றைக் கொடுங்கள் என்றது. அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் முழங்கை இடிபட உட்கார்ந்திருந்த பயணிதான் அந்தக் காலத்துச் சமரசத்தின் உருவம்.

நடு இருக்கையைக் காலியாக விட்டது வீண் சடங்கா? இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வக மாதிரி ஒன்று, நடு இருக்கை காலியாக இருந்தால் பயணிகள் மீது படும் வைரஸின் அளவு 23 முதல் 57 சதவீதம் வரை குறையும் என்று காட்டியது. முகக்கவசத்தின் பயனை அந்த மாதிரி கணக்கில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் திசை தெளிவானது. அந்த ஆய்வு வெளியான மாதம் முடிந்த மறுநாளே, நடு இருக்கையை விற்காமல் வைத்திருந்த கடைசிப் பெரிய அமெரிக்க நிறுவனமான டெல்டாவும் விற்கத் தொடங்கியது. பயன் உண்டு என்று சான்று வந்த வேளையில் வழக்கம் செத்தது. காரணம் எளிது. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நிறுவனம் பணம் இழக்க வேண்டும், போட்டியாளர் இழக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டை நல்லெண்ணம் ஓராண்டுக்கு மேல் தாங்காது.

இதே நோயின் எதிரில் சத்தமில்லாமல் வேலை செய்த இன்னொன்று இருந்தது. இன்றைய பெரிய ஜெட் விமானங்களில் உள்ளறைக் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாற்றப்படுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வரும் காற்று, மீதி, 99.97 சதவீத நுண்துகள்களைப் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியே சுத்தமாகித் திரும்பி வருவது. காற்று மேலிருந்து இறங்கிக் காலடியில் வெளியேறும். விமானத்தின் நீளவாக்கில் அதிகம் ஓடாது. இந்த ஏற்பாட்டின் வரலாறு சுவையானது. தொடக்ககால ஜெட் விமானங்கள் உள்ளறைக்கு முழுக்க முழுக்க வெளிக்காற்றையே கொடுத்தன. அந்தக் காற்றை எஞ்சினிலிருந்து உருவ வேண்டும், அதற்கு எரிபொருள் செலவாகும். 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பின் ஒவ்வொரு லிட்டரும் கணக்குக்கு வந்தது. அடுத்த தலைமுறை விமானங்களில் பாதிக் காற்றைச் சுழற்றி மீண்டும் பயன்படுத்தும் முறை வந்தது, அதைச் சுத்தப்படுத்த நுண்வடிகட்டி வந்தது. இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் மடிப்பும் அந்த எண்ணெய்க் கவலையின் பிள்ளைதான். நாசாவில் ரிச்சர்ட் விட்கோம் 1970களில் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது அது. எரிபொருளை மிச்சம் பிடிக்க வந்த வடிகட்டி, சில பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு தொற்றுநோய்க் காலத்தில் காவலுக்கு நின்றது. வடிகட்டியைத் தாண்டியும் நோய் பரவும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இருமினால் அது வடிகட்டிக்குப் போகும் முன்பே நம்மிடம் வந்துவிடும். 2003-ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சென்ற ஒரு விமானத்தில் ஒரே நோயாளியிடமிருந்து சுமார் 20 பேருக்குத் தொற்று போனதாகக் கணித்தார்கள். ஆயினும் முகக்கவசம் போன பின்பும் வடிகட்டி இருக்கிறது, ஏனென்றால் அதை யாரும் தினமும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

கோவிட் காலம் விட்டுச் சென்றவற்றில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ராட்சத விமானங்களின் ஓய்வு. ஏர் பிரான்ஸ் 2020 மே மாதம் தன் இரண்டு மாடி ஏ380 விமானங்களை ஒட்டுமொத்தமாக விலக்கியது. ஜூலையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 31 போயிங் 747 விமானங்களுக்கு விடை கொடுத்தது. தொற்றுநோய் அவற்றைக் கொன்றது என்று சொல்வது வழக்கம். தேதிகளைப் பார்த்தால் வேறு கதை. ஏ380 தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஏர்பஸ் 2019 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747-கள் 2024-ல் ஓய்வு பெறுவதாகத்தான் திட்டம். நான்கு ஆண்டுகள் முன்னதாக நடந்தது, அவ்வளவுதான். நான்கு எஞ்சினின் வீழ்ச்சிக்குக் காரணம் இயற்பியலிலும் ஒரு பழைய விதியிலும் இருக்கிறது. குறைந்த காற்றை அதிவேகமாகப் பின்னுக்குத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை மிதமான வேகத்தில் தள்ளினால் அதே உந்துவிசைக்கு ஆற்றல் குறைவாகவே செலவாகும். அதனால் அகலமான விசிறி கொண்ட இரண்டு பெரிய எஞ்சின்கள், நான்கு சிறியவற்றைவிட எரிபொருளை மிச்சம் பிடிக்கும். பழுதுபார்க்க வேண்டிய பாகங்களும் பாதியாகும். பிறகு ஏன் நான்கு வைத்தார்கள்? நடுக்கடலில் ஓர் எஞ்சின் நின்றால் என்ன ஆவது என்ற பயம். 1953-ல் அமெரிக்கா கொண்டுவந்த விதிப்படி இரட்டை எஞ்சின் விமானம் எப்போதும் ஏதாவதொரு விமான நிலையத்துக்கு 60 நிமிட தூரத்துக்குள் பறக்க வேண்டும். எஞ்சின்களின் நம்பகத்தன்மை உயர உயர 1985-ல் அது 120 நிமிடமானது, பிறகு 180 ஆனது. இன்று ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. நான்கு எஞ்சினின் தேவை எப்போதோ கரைந்துவிட்டது. கோவிட் செய்தது, தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த முடிவை ஒரே வாரத்தில் எடுக்க வைத்ததுதான்.

முகம் பார்த்து உள்ளே விடும் கேமராவுக்கும் இதே ஜாதகம்தான். இந்தியாவில் அப்படிப்பட்ட டிஜி யாத்ரா திட்டத்துக்கான கொள்கை 2018-ல் வந்தது. தொற்றுநோய் அப்போது யாருடைய கனவிலும் இல்லை. 2020 மே மாதம் சேவை மீண்டபோது இணையவழி செக்-இன் கட்டாயமாக்கப்பட்டது. தொடாமல் பயணிப்பது பாதுகாப்பு என்ற பேச்சு மக்கள் மனத்தில் பதிந்தது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் டிஜி யாத்ரா தொடங்கியபோது தொற்று பயம் பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் நிரப்ப வேண்டிய ஏர் சுவிதா படிவத்தை அதற்கு முந்தைய மாதமே அரசு கைவிட்டிருந்தது. நோய்க்காகத் தொடங்கிய படிவம் நோயோடு போனது. ஆட்செலவையும் வரிசையையும் குறைக்கும் கேமரா, நோயின் பெயரைச் சொல்லி நுழைந்து நோய் போன பின்னும் தங்கியது. பயணிக்கு அதில் வசதி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் முகத் தரவை யாரிடம், எத்தனை நாள் கொடுக்கிறோம் என்ற கேள்வி சாதாரண காலத்தில் எழுப்பியிருக்கும் விவாதம், அவசர காலத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. காத்திருக்கும் திட்டங்களுக்கு நெருக்கடி ஒரு குறுக்கு வழி.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். விமானப் பயணத்தை இன்றைய பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவந்தது செலவுக் கணக்கா? விபத்துகள் தந்த அறிவு அல்லவா? நியாயமான கேள்வி. 1954-ல் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக மத்தியதரைக் கடலுக்கு மேல் உடைந்து சிதறியது. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு முழுக் காமெட்டின் உடலைப் பெரிய தொட்டியில் தண்ணீருக்குள் அமிழ்த்தி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். காற்றை நிரப்பிச் சோதித்தால் உடல் வெடித்துத் தூளாகி, விரிசல் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் போய்விடும். தண்ணீர் சுருங்காது, ஆகவே விரிசல் விட்ட இடத்திலேயே நிற்கும். நிஜப் பயணங்களும் சோதனையும் சேர்ந்து சுமார் 3,000 அழுத்தச் சுற்றுகள் ஆனபோது, ஜன்னல் திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து உலோகம் கிழிந்தது. மூலைகளிலும் ஆணித் துளைகளைச் சுற்றியும் இறுக்கம் குவிகிறது, ஒவ்வொரு பயணமும் உலோகத்தைச் சிறிது களைக்க வைக்கிறது என்ற பாடம் அதன் பின் கட்டப்பட்ட ஒவ்வொரு ஜெட் விமானத்தின் உடலிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1977-ல் டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு 747-கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு போர்ட்லாண்டில் தரையிறங்கு சக்கரத்தின் கோளாறில் மூழ்கியிருந்த விமானிக் குழுவின் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. இந்த இரண்டும் சேர்ந்து, தலைமை விமானியிடம் துணை விமானி தயங்காமல் பேச வேண்டும் என்பதையே ஒரு பயிற்சிப் பாடமாக்கின.

இவை என் கூற்றை மறுப்பவை அல்ல. அதன் இரண்டாவது வகையைத் தெளிவாக்குபவை. கோளாறு விமானத்துக்குள்ளேயே இருக்கும்போது விசாரணை ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறது, காரணம் வடிவமைப்பாகவோ சரிபார்ப்புப் பட்டியலாகவோ மாறுகிறது. அதன் பிறகு அது யாருடைய மனநிலையையும் நம்பி நிற்பதில்லை. ஒரு சிறிய உதாரணம் போதும். விமானத்தின் மூக்கருகே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய், எதிரே வரும் காற்றின் அழுத்தத்தை அளந்து விமானிக்கு வேகத்தைச் சொல்கிறது. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். சில வாரங்கள் பறக்காமல், குழாய்க்கு உறை போடாமல் நின்றிருந்த விமானம் அது. மண்ணில் கூடு கட்டும் குளவி ஒன்று துளையை அடைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. பொய்யான வேகம் காட்டிய கருவியை நம்பிய விமானிகள் விமானத்தை மெதுவாக்கிவிட்டார்கள். பிரிஸ்பேன் விமான நிலையத்தில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குளவி இனம் சில நிமிட இடைவெளியிலேயே குழாயை ஆராயத் தொடங்கிவிடும் என்பதால், முப்பரிமாண அச்சில் செய்த போலிக் குழாய்களை வைத்து அதன் பழக்கத்தையே ஆய்வு செய்தார்கள். 2020-ல் ஆயிரக்கணக்கான விமானங்கள் மாதக்கணக்கில் நின்றபோது இந்த அறிவு கைகொடுத்தது. எஞ்சின் வாய்க்கு மூடி, பிட்டோ குழாய்க்குச் சிவப்புப் பட்டை தொங்கும் உறை, ஈரத்தை உறிஞ்சும் பொடிப் பைகள், டயர் ஒரே பக்கம் தட்டையாகிவிடாமல் அவ்வப்போது சக்கரத்தைச் சுழற்றுவது என நிறுத்தி வைப்பதற்கே ஒரு பெரிய நடைமுறை உண்டு. நிறுத்தத்திலிருந்து திரும்பும் விமானங்களில் தவறான வேக அளவீடுகள் கூடுகின்றன, பூச்சிக் கூடுகளைத் தேடுங்கள் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு முகமை அந்த ஆகஸ்டில் எச்சரித்தது. பயணிகள் யாரும் அறியாமல், யாருடைய அனுமதியும் கேட்காமல் நீடிக்கும் மாற்றம் என்றால் இதுதான்.

அதேசமயம் முதல் வகையை நல்லதென்று நினைத்துவிடக் கூடாது. செலவைக் குறைக்கும் மாற்றம் நிலைக்கும். அது கெட்டதாக இருந்தாலும் நிலைக்கும். போயிங் 737 மேக்ஸ், எரிபொருளை மிச்சம் பிடிக்கும் பெரிய எஞ்சின்களைப் பழைய உடலில் பொருத்திய விமானம். அதனால் மாறிய பறக்கும் தன்மையைச் சரிக்கட்ட ஒரு மென்பொருள் சேர்க்கப்பட்டது. அது ஒரே ஓர் உணரியை நம்பி மூக்கைக் கீழே தள்ளும். அப்படியொன்று இருப்பதையே பல விமானிகள் அறிந்திருக்கவில்லை, ஏனென்றால் கூடுதல் பயிற்சிச் செலவில்லை என்பது விற்பனையின் ஓர் அங்கம். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். உலகம் முழுக்க அவ்வகை விமானங்கள் தரையிறக்கப்பட்டு, அமெரிக்காவில் 20 மாதங்களுக்குப் பின்புதான் மீண்டும் அனுமதி கிடைத்தது. திருத்தம் வந்தது உண்மை. திருத்தாவிட்டால் பறக்கவே முடியாது என்ற கட்டாயம் வந்த பிறகு வந்தது.

2001 செப்டம்பர் 11-க்குப் பின் வந்த மாற்றங்களில் மூன்று வகைகளில் பின்னிரண்டையும் ஒருசேரக் காணலாம். துப்பாக்கிக் குண்டு துளைக்காத விமானி அறைக் கதவு இரண்டாவது வகை. 2003 ஏப்ரலுக்குள் பொருத்த வேண்டும் என்று அமெரிக்கா கெடு வைத்தது, உலகமே பின்பற்றியது, இன்றும் இருக்கிறது. அதன் விலை 2015 மார்ச்சில் தெரிந்தது. ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கழிப்பறைக்குப் போன தலைமை விமானியை வெளியே வைத்துக் கதவைப் பூட்டி, ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதினார். 150 பேர் இறந்தார்கள். விமானி அறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும் என்ற பரிந்துரை சில நாட்களிலேயே வந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பா அதைத் தளர்த்தியது, அதற்கடுத்த ஆண்டு ஜெர்மன் நிறுவனங்கள் கைவிட்டன. கதவு எந்திரம், ஆகவே நின்றது. இருவர் விதி நடத்தை, ஆகவே போனது.

மூன்றாவது வகைக்குக் காலணியும் திரவமும் சாட்சி. 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து வைத்துப் பறந்து பிடிபட்டான். 2006 ஆகஸ்டில் குளிர்பானப் புட்டிகளில் வெடிதிரவம் கொண்டுபோகும் சதி லண்டனில் முறியடிக்கப்பட்டது. அந்த ஆண்டிலிருந்து அமெரிக்காவில் காலணியைக் கழற்றுவது கட்டாயமானது. உலகம் முழுக்க 100 மில்லி லிட்டர் விதி வந்தது. இவை செலவைக் குறைக்கவில்லை, எந்திரத்திலும் பதியவில்லை, கோடிக்கணக்கானோரை நாள்தோறும் எரிச்சலூட்டின. பின் ஏன் 20 ஆண்டு நீடித்தன? விதியை வைத்திருப்பவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. நீக்கியவரின் காலத்தில் ஒரு குண்டு வெடித்தால் அவர் கதை முடிந்தது. பயணிகளின் மொத்த எரிச்சல் எத்தனை கோடி மணி நேரமானாலும் அது யாருடைய பெயரிலும் எழுதப்படுவதில்லை. அமெரிக்கா 2025 ஜூலையில்தான் காலணி விதியைக் கைவிட்டது. பையின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் காட்டும் சிடி ஸ்கேனர் வந்த பிறகே எடின்பரோ போன்ற சில விமான நிலையங்கள் 2 லிட்டர் வரை அனுமதிக்கத் தொடங்கின. எந்திரம் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதிகாரிக்குத் துணிவு வந்தது. அச்சத்தின் கணக்கு பயணிகள் பக்கமும் தப்பாகும். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பறக்கப் பயந்து காரில் சென்றதால் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் ஓராண்டில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்தார்கள் என்பது ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சரின் கணிப்பு.

போன ராட்சத விமானங்களே திரும்பி வந்தனவே, அப்படியானால் முதல் வகையும் நிலையில்லை அல்லவா என்று கேட்கலாம். லுஃப்தான்சா ஓரங்கட்டிய ஏ380-களில் சிலவற்றை 2023-ல் மறுபடி பறக்க விட்டது. பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பினார்கள், போயிங்கின் புதிய 777 எக்ஸ் விமானமோ வந்தபாடில்லை. இருக்கை கிடைத்தால் போதும் என்ற நிலையில் அதிக எரிபொருள் குடிக்கும் விமானமும் லாபம் தரும். ஆக, மாறியது விமானத்தின் மீதான பாசமல்ல, கணக்குதான். ஆனால் புதிய ஏ380 ஒன்றுகூட இனி கட்டப்படாது. கடைசி விமானம் 2021 டிசம்பரில் எமிரேட்ஸுக்குப் போய்விட்டது. இந்த மீட்சியில் திரும்பாத ஒன்று மனிதர்கள். விமானத்தை ஸ்பெயினின் தெருவேல் போன்ற வறண்ட இடத்தில் உறை போட்டு நிறுத்திவிட்டு மூன்றாண்டு கழித்து எழுப்பலாம். லக்கேஜ் ஏற்றுபவரையும் பாதுகாப்புச் சோதகரையும் பொறியாளரையும் அப்படி நிறுத்திவைக்க முடியாது. அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2022 கோடையில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் புறப்பாட்டுப் பயணிகளுக்கு மேல் வேண்டாம் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது, ஆம்ஸ்டர்டாமும் உச்சவரம்பு வைத்தது. பயணிகள் இருந்தார்கள், விமானங்கள் இருந்தன, பெட்டியைத் தூக்கத்தான் ஆளில்லை.

அப்படியானால் செலவு வைக்கும் நல்ல மாற்றத்துக்கு வழியே இல்லையா? உண்டு, ஆனால் தாமதமாக வருகிறது. 1984 ஆகஸ்டில் சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கெனப் பதிவு செய்துவிட்டு ஆள் நழுவிவிட்ட பெட்டிகள் விமான நிலையத்திலேயே வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம், அதேபோல் ஆள் ஏறாத பெட்டியால் அட்லாண்டிக்குக்கு மேல் வெடித்து 329 பேரைப் பலிகொண்டது. 1988 டிசம்பரில் லாக்கர்பிக்கு மேல் இன்னொரு விமானம் அதேபோல் வெடித்து 270 பேர் இறந்தார்கள். பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியும் போகக் கூடாது என்ற எளிய தீர்வு முதல் சம்பவத்திலேயே தெளிவாகத் தெரிந்ததுதான். பெட்டியை இறக்கினால் தாமதம், தாமதம் என்றால் பணம். அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களுக்கு அந்த விதி 2002 ஜனவரியில்தான் வந்தது. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே நாளில், ஒரே செலவில், சட்டமாக வந்தபோதுதான் அது நடைமுறையானது. தனித்தனி நல்லெண்ணமாக இருந்தவரை ஆகவில்லை.

அடுத்த நெருக்கடி நோயாக வரலாம், எரிமலைச் சாம்பலாக வரலாம், மூடப்பட்ட வான்வெளியாக வரலாம். அப்போது அரசுகள் மூன்று காரியங்களைச் செய்தால் போதும். உயிர் காக்கும் என்று சான்று உள்ள ஏற்பாட்டைப் பரிந்துரையாக விடாமல், எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான சட்டமாக்கி, அதன் செலவு கட்டணத்தில் எவ்வளவு ஏறும் என்பதையும் பயணிகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் கொண்டுவரும் ஒவ்வொரு விதிக்கும், பயணியின் தரவைக் கேட்கும் ஒவ்வொரு கருவிக்கும், மறு ஆய்வுக்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதியில் யாரும் வந்து நியாயப்படுத்தாவிட்டால் அது தானாகவே காலாவதியாக வேண்டும். விமானங்களைப் பாதுகாக்க வைத்திருக்கும் நடைமுறையைப் போல, அவற்றை இயக்கும் பயிற்சி பெற்ற ஆட்களை வேலையில் தக்கவைக்கவும் ஒரு நிதி வேண்டும். இவை இல்லாவிட்டால், அடுத்த முறையும் தேவையானது உதிரும், லாபமானது தங்கும், பயத்தில் வந்தது இருபது ஆண்டு நீடிக்கும்.